திறவாச் சிப்பியும் விற்போன் சொல்லும்

பொருளை விற்போன் அதன் குணமும் குற்றமும் அறிந்தவன். வாங்குவோன் அவற்றை அறியாதவன். இவ்விருவரையும் இணைப்பது சொல் ஒன்றே. நாளங்காடியிலே காய்கனி வாங்குவோன் கையால் தொட்டும் மூக்கால் முகர்ந்தும் அச்சொல்லைச் சோதித்துக்கொள்கின்றான். ஏலத்திலோ அதற்குரிய காலமும் இடமும் குறைவு. பலர் போட்டியிட விலை ஏறிக்கொண்டே போகும். பொருளோ எட்டி நிற்கும். ஆதலின், ஏலம் கூறுவோன் பொருளைப்பற்றி எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது என்னும் வினா வாணிகத்தைப் போன்றே பழமையானது. இதனை ஆராய்வதற்கு ஈழத்தின் வடமேற்குக் கடலில் நிகழ்ந்த முத்துச் சலாபத்தைக் காட்டிலும் தக்க சான்று கிடைத்தல் அரிது.

புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவு, போர்த்துக்கல் குடாவை வெளிக்கடலினின்றும் மறைத்துக் கிடக்கும் ஒடுங்கிய நிலமாகும். கிழக்கு மாகாணத்துக் காரைதீவு இதனின்றும் வேறானது. கரைத்தீவுக்கு எதிரே பெருநிலத்தில் பொன்பரப்பி உளது; பழந்தமிழகத்து ஆதிச்சநல்லூரிற் போலவே ஈண்டும் ஈமத்தாழிகள் கண்டெடுக்கப்பட்டன. வடக்கே குதிரைமலை முனை. அதனையும் கடந்தால் மன்னார் மாவட்டத்து மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, அரிப்பு என்னும் ஊர்கள் முறையே அமைந்துள்ளன. உரோம ஆசிரியர் பிளினி கூறும் இப்புரோசு என்னும் துறை இக்குதிரைமலையே எனக் கருதுவார் பலர். இக்கரைக்கு மேற்கே, 5 முதல் 10 பாகம் வரை ஆழமுள்ள கடலடியில், முத்துச்சிப்பிகள் படிந்து வளரும் பார்கள் உள. அவற்றுள் ஒன்று கரைத்தீவின் பெயராலேயே வழங்கியது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் அவர்க்குப்பின் ஆங்கிலேயரும் இப்பார்களைத் தம் கருவூலத்தின் ஓர் அறையாகவே மதித்தனர். ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் என்பார் 1801க்கும் 1804க்கும் இடையே அரிப்பிலே மாளிகை ஒன்று எழுப்பியதும் சலாபத்தை மேற்பார்வை செய்தற்பொருட்டேயாம்.

முத்துச் சலாபத்தின் தனி இயல்பு யாதெனின், ஈண்டு ஏலத்தில் விற்கப்பட்டது முத்து அன்று என்பதே. வாய் திறவாத சிப்பிகளே ஆயிரம் ஆயிரமாக எண்ணி விற்கப்பட்டன. சிப்பியின் புறத்தோற்றத்தைக் கொண்டு அகத்தே முத்து உண்டு என்றாதல் இல்லை என்றாதல் எவரும் துணிந்து கூறல் இயலாது. பெரும்பாலானவற்றில் விலைபெறும் முத்து இராது. ஆகவே, விற்போன் வாங்குவோன் ஆகிய இருவரும் ஒருங்கே அறியாமையில் நின்ற வாணிகம் இது. வஞ்சகத்துக்கு இதனினும் ஏற்ற களம் வேறு இல்லை எனத் தோன்றும். எனினும் இவ்வாணிகம் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. அதற்குக் காரணமாயிருந்தவை சில எளிய ஒழுங்குகளே.

முதலாவது, பங்கீடு. 1906 ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டிச் சலாபத்திலே இளம் அரசாங்க உத்தியோகத்தராகக் கடமையாற்றியவர், பின்னர் ஆங்கில எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வுல்ப். 1961 இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றிலே அவர் இம்முறையை எடுத்துரைக்கின்றார். கரைசேர்ந்த குளியாளர், தாம் எடுத்த சிப்பிகளைக் கொட்டு எனப்படும் அடைப்பினுள் கொண்டுசென்று மூன்று குவியல்களாகப் பகுப்பர். அவற்றுள் எவ்விரண்டு அரசுக்குரியன என்பதை உத்தியோகத்தர் தெரிந்தெடுப்பார். எஞ்சிய ஒன்றே குளியாளரைச் சாரும். பகுப்பவன் ஒருவன், தெரிபவன் மற்றொருவன். ஆதலின் ஒரு குவியலைச் சிறிதாக்கிப் பிறிதொன்றைப் பெரிதாக்குவதால் பகுப்பவனுக்கு ஊதியம் இல்லை. நேர்மை ஈண்டு மனிதர் உள்ளத்தை மட்டும் நம்பி விடப்படாமல், முறையின் உள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, மாதிரி. சலாபம் குறிக்கப்படுவதற்கு முன்னர்ப் பார்கள் சோதிக்கப்படும். ஆங்காங்கே எடுத்த சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை அறிஞரைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி என அரசாங்கம் அறிவிக்கும். அவ்வறிவித்தலை நோக்கியே தமிழகம், பம்பாய், பாரசீகக் குடா முதலிய இடங்களிலிருந்து வணிகர் வந்து கூடினர். ஏலம் கூறுவோன் "அரிய முத்து", "பெரிய முத்து" எனப் புகழ்ந்துரைக்க வேண்டுவதில்லை. எண்ணிக்கை ஒன்றுக்கே அவன் பொறுப்பாளி. தரத்துக்குச் சான்று, பலரறியத் திறந்துகாட்டப்பட்ட மாதிரி. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. அத்துணைப் பெருந்தொகையும் ஓர் எண்ணிக்கையையும் ஒரு மாதிரியையும் ஊன்றிநின்ற நம்பிக்கையால் வந்ததேயாம்.

இங்ஙனம் கூறுதலால் சலாபத்திலே களவே இல்லை என்று கொள்ளற்க. படகிலேயே சிப்பியைத் திறந்து முத்தை வாயில் அடக்குதலும் விழுங்குதலும் நிகழ்ந்தன. குளியாளர் தம் பங்கினின்றும் சிலவாகப் பிரித்து விற்ற சிப்பிகளை, ஒரே நாளிற் செல்வராகலாம் என்னும் ஆசையால் வாங்கி வெறுங்கையராய்த் திரும்பிய ஏழையரும் உளர். மாதிரியின் எல்லையை மறந்தவர் பெருஞ்செல்வரிலும் இருந்தனர். 1905 இன் பெருவளத்தைக் கண்டு ஊக்கமுற்ற ஆங்கிலக் கூட்டத்தார், ஆண்டுக்கு 3,10,000 ரூபாயாக 20 ஆண்டுக்கு இப்பார்களை 1906 முதல் குத்தகைக்கு எடுத்தனர். 1907க்குப் பின்னர்ப் பார்கள் வறண்டன. குத்தகையும் தன் காலம் முடியுமுன்னரே முறிந்தது. இன்று திறந்த சிப்பி இன்றைய பாருக்கே சான்றாகும். இருபது ஆண்டுக்குப் பிந்திய கடலுக்கு அது சான்றாகாது. உண்மையான மாதிரியும், அது சொல்லாததை அதன்மேல் ஏற்றுங்கால், பொய்ச்சான்றாகிவிடுகின்றது.

சிப்பி திறக்கப்பட்ட பின்னர் முத்துக்குப் பெயரிடும் வேலை தொடங்கும். ஈண்டும் வாய்ச்சொல்லை நம்பாத ஒழுங்கு ஒன்று இருந்தது. 20, 30, 50, 80, 100 என இவ்வாறு 1000 வரை துளைகளின் தொகையால் பெயர்பெற்ற பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துக்கள் சலிக்கப்பட்டன. துளை மிகுந்தோறும் அதன் அளவு சிறுகும். எச்சல்லடையில் முத்துத் தங்குகின்றதோ அதுவே அதன் தரம். மேல்வகை முத்துக்கள், வடிவு, தூள் என்னும் பெயர்கள் இச்சலிப்பின்வழி வந்தவை. பின்னரே உருட்சியும் ஒளியும் நோக்கப்பட்டன. நம் முன்னோரும் முத்தின் குணத்தை மட்டுமன்றிக் குற்றத்தையும் பெயரிட்டு வழங்கினர். கௌடிலீயத்தின் அருத்தசாத்திரம் விலக்கத்தக்க முத்துக்களின் வகைகளை வரிசைப்படுத்திக் கூறும். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, மதுரை மணிவீதியிலே காற்று, மண், கல், நீர் என்னும் நான்கால் வரும் குற்றம் நீங்கிய முத்துக்கள் இருந்தமையைக் குறிக்கும். குற்றத்துக்குப் பெயர் உள்ள சந்தையிலேதான் வாங்குவோன் அதனைக் கேட்டறிதல் கூடும். பெயரில்லாக் குற்றம் எளிதில் மறைக்கப்படும்.

பெயர் பிழைப்பின் நேரும் கேட்டினை உலகச் சந்தை பலகாற் கண்டது. பதினேழாம் நூற்றாண்டிலே பாரிசு நகரத்தார் மீன்செதிலின் ஒளிப்பொருளைக் கண்ணாடி மணியினுள் பூசிப் போலிமுத்துச் செய்தனர். யப்பானியராகிய மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்தைப் பெருவாணிகமாக்கினார். அது 1921 இல் இலண்டன், பாரிசுச் சந்தைகளிற் பரவியபோது இயற்கைமுத்து வணிகர் பெரிதும் கலங்கினர். வளர்ப்பு முத்தும் சிப்பியின் வயிற்றிற் பிறந்ததே. அதனை அப்பெயரால் விற்பதிற் குற்றமில்லை. இயற்கை முத்து என விற்பதே குற்றம். இரண்டையும் கண்ணால் வேறுபடுத்தல் அரிதாயிற்று. அகத்தே பதித்த மணிக்கருவைக் காட்டும் எக்சு கதிரே பின்னர் உரைகல்லாக வாய்த்தது.

இனி, சட்டம் இதுபற்றிக் கூறுவது நோக்கற்பாலது. தரமற்றதைத் தரமுடையது என்று சொல்லி விற்போனுக்கு விலையின் எட்டு மடங்கு தண்டம் விதித்தது அருத்தசாத்திரம். இலங்கையிலே 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரித்து விற்ற பொருள் அவ்விவரத்தோடு ஒத்தல் வேண்டும் என்றும், மாதிரி காட்டி விற்ற பொருள் அம்மாதிரியோடு ஒத்தல் வேண்டும் என்றும், இரண்டும் செய்யின் இரண்டோடும் ஒத்தல் வேண்டும் என்றும் விதித்தது. ஏலத்திலே விற்போன் தானே மறைவாக விலை கேட்டு ஏற்றுதலையும் அது தடுத்தது. மறிச்சுக்கட்டியின் மணற்பரப்பில் வழக்கமாய் இருந்த ஒழுங்கே ஈண்டுச் சட்ட வாசகமாய் நிற்றல் காண்க.

1925 ஆம் ஆண்டுக்குப் பின்னர்ச் சலாபம் தன் பழைய சிறப்பை மீளப் பெறவில்லை. ஆயினும் திறவாச் சிப்பியை வாங்கும் நிலை உலகினின்றும் நீங்கிற்றில்லை. இக்காலத்து மின்வலை ஏலங்களிலே கடலுக்கு அப்பாலுள்ளோர், காணாத பொருளைப் படத்தையும் சில வரிகளையும் நம்பி வாங்குகின்றனர். பழைய ஒளிப்படக் கருவிகளின் வில்லைகள் இதற்கு நல்ல உதாரணமாம். "தெளிவானது, பழுதற்றது" என்னும் விவரத்தின் பின்னே, உட்படர்ந்த பூஞ்சையும் மங்கலும், கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப் பிரிந்தமையும் மறைந்திருத்தல் உண்டு. வில்லையினூடே ஒளியைச் செலுத்திப் பார்த்தாலன்றி அவை புலப்படா. சோவியத் நாட்டிற் செய்த பெட், சோர்க்கி என்னும் கருவிகள் செருமானிய லைக்கா எனப் பெயர் பொறிக்கப்பட்டு விலைபோனமையும் சேகரிப்போர் நன்கறிந்ததே. "சோதித்ததில்லை" என்னும் சொல், அறியாதவன் வாயில் உண்மை. அறிந்தவன் வாயில் அது பொய்யின் மற்றொரு வடிவம். சலாபத்து ஏலத்தில் விற்போனும் சிப்பியின் அகத்தை அறியான். ஆதலின் அவன் மௌனம் நேர்மையாயிற்று. வில்லையை விற்போனோ ஒளியிலே பிடித்துப் பார்க்க வல்லவன். ஆதலின் அவன் மௌனம் அவ்வாறு ஆகாது.

முத்தையும் பொய்ச்சொல்லையும் ஒருங்கே எண்ணுங்கால் தமிழர் நினைவுக்கு வருவது கண்ணகியின் சிலம்பு. கோவலன் விற்கக் கொணர்ந்த சிலம்பினை அரசியின் சிலம்பு என்றான் பொற்கொல்லன். அதனைத் திறந்து பாராமலே பாண்டியன் அவன் சொல்லை ஏற்றான். அரசியின் சிலம்பிற் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிற் பரல் மாணிக்கம். உடைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் ஓர் உயிர் போயிற்று. பின்னர் ஓர் அரசும் ஒரு நகரும் அழிந்தன. கொற்கை முத்துக்கு உரியவனாகிய பாண்டியனே பரலைப் பாராமற் பிழைத்தான் என்பது எண்ணத்தக்கது. கரைத்தீவுக் கடலின் குளியாளரும் வணிகரும் மேற்கொண்ட ஒழுங்கு இதனிலும் மேம்பட்டது: அறிந்ததைச் சொல்லுக, அறியாததைப் புகழாதொழிக, சொல்லியதற்குச் சான்றாக ஒன்றையேனும் பலரறியத் திறந்துகாட்டுக. விற்போன் இம்மூன்றும் செய்வானாயின், வாங்குவோன் வெறுஞ்சிப்பி பெறினும் ஏமாற்றப்பட்டவன் ஆகான்.