அடித்த விலை பிறந்த கதை

காரைக்கால் தலத்தெருவில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா போன ஆடியில் ஒருநாள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மூன்று ஜார் மிக்சி. 7,999 என்ற எண்ணின் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 3,499. "பாதி விலைக்கும் கீழ தம்பி! நாளைக்கு ராத்திரியோட முடியுதாம்." அன்று சாயங்காலம் பாரதியார் சாலையில் ஒரு கடையில் அதே மிக்சியை விசாரித்தேன். தள்ளுபடி அறிவிப்பு ஏதும் இல்லாத கடை. 3,600 என்றார்கள். அட்டைப்பெட்டியைத் திருப்பினால் அங்கேயும் 7,999 என்றே அச்சாகியிருந்தது.

பெட்டியில் அச்சானதை அடித்த விலை என்கிறோம். கோடு கிழித்து நீக்குவதையும் அடிப்பது என்றுதான் சொல்கிறோம். இந்த இரண்டு அடிக்கும் நடுவில் ஒரு கதை இருக்கிறது.

பொட்டலப் பொருள்களுக்கான மத்திய அரசின் விதிகள் 1977-இல் வந்தன. விலையை அச்சிட அப்போது இரண்டு வழி இருந்தது. எல்லா வரியையும் சேர்த்து ஒரே விலையாகப் போடலாம். அல்லது ஒரு விலையைப் போட்டு 'உள்ளூர் வரி தனி' என்று முடித்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி எங்கள் ஊரைப் போன்ற ஊருக்குப் பெரிய தொல்லை. வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட காரைக்கால். இந்தப் பக்கம் ஒரு விற்பனை வரி, அந்தப் பக்கம் வேறொன்று. எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் சொன்னதுதான் வரி.

1990-இல் விதியைத் திருத்தினார்கள். எல்லா வரியும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட்டே ஆகவேண்டும், அதற்குமேல் ஒரு பைசா கேட்கக்கூடாது. எம்.ஆர்.பி. பிறந்தது இப்படித்தான். நல்ல சட்டம் அது, இன்றைக்கும் மனதார மதிக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையைச் சோப்பு வாங்கிவர அனுப்ப முடிகிறதே, அந்தத் தைரியம் உறையில் அச்சான அந்த ஒற்றை விலையால் வந்தது.

ஆனால் கூரைக்கு மேலே போகாதே என்ற சட்டம், கூரையை எவ்வளவு உயரத்தில் போடலாம் என்று சொல்லவில்லை. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகள் போன்ற சிலவற்றை விட்டால், எம்.ஆர்.பி.யைத் தீர்மானிப்பது தயாரிப்பாளரோ இறக்குமதி செய்பவரோதான். பிஸ்கட்டிலும் சோப்பிலும் அடித்த விலைக்கே விற்பதால் அந்த எண் உண்மையாக இருக்கிறது. மிக்சி, குக்கர், துணிமணி, காதில் மாட்டும் கருவிகள் ஆகியவற்றில் அது உத்தரத்தைத் தாண்டி எங்கோ நிற்கிறது.

அந்த உயரம் கண்ணை உறுத்தத் தொடங்கியது இணையக் கடைகள் வந்த பிறகுதான். 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் தன் முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனையை நடத்தியது. பத்து மணி நேரத்தில் சுமார் 600 கோடி ரூபாய்க்குச் சரக்கு விற்றதாக அறிவித்தது. தளம் முடங்கியது, பொருள்கள் நொடியில் தீர்ந்தன, விலையை ஏற்றிவிட்டுக் குறைத்ததாகப் புகார்கள் குவிந்தன. மறுநாளே நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள்.

2018 ஜனவரி 1 முதல் இணையத்தில் விற்கும் பொருளுக்கும் எம்.ஆர்.பி.யைக் காட்டவேண்டும் என்று விதி வந்தது. வாங்குகிறவரைக் காக்க வந்த விதி. ஆனால் எந்த விலையைக் காட்டச் சொன்னதோ, அதன் மேலேயே கோட்டைக் கிழித்து '56% தள்ளுபடி' என்று எழுதுவதும் எளிதாகிவிட்டது. கணக்கில் பிழை இல்லை. எதிலிருந்து கழித்தார்கள் என்பதில்தான் பிழை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் வேறு முறை. தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் அந்தக் கடை விற்ற மிகக் குறைந்த விலையைக் காட்டவேண்டும். நமக்கு வேண்டியதும் அதுதான் என்று அடித்துச் சொல்வேன். கூரை எவ்வளவு உயரம் என்பது எனக்கு எதற்கு? போன மாதம் என்ன விலைக்குப் போனது, அதைச் சொல்லுங்கள்.

இணைய விற்பனை முழுக்க ஏமாற்று என்று சொல்லமாட்டேன். புது மாடல் வரும் நேரத்தில் பழைய கைப்பேசியின் விலை மெய்யாகவே இறங்கும். வங்கி அட்டைக்குத் தரும் கழிவு பெரும்பாலும் மெய்யான கழிவு. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. குறைந்தது, மறுநாளே பெரிய தளங்களின் பண்டிகை விற்பனை தொடங்கியது. பெரிய டிவிக்கு வரி 28-லிருந்து 18 சதவீதம் ஆகியிருந்தது. அந்த வாரம் வாங்கியவர்கள், அரசு விட்டுக்கொடுத்தது எவ்வளவு, கடை விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அக்கா அன்று வாங்கவில்லை. நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கம் மிக்சியின் பெயரை எழுதி, வாரம் ஒருமுறை விலையைக் குறித்துவந்தார். 3,549, 3,499, 3,620, மறுபடி 3,499. தீபாவளி விற்பனை வந்தபோதும் அதே 3,499தான், குறுக்குக் கோட்டோடு அதே 7,999தான். மகளுடைய வங்கி அட்டைக்கு 10 சதவீதக் கழிவு இருந்தது, 3,149-க்கு வாங்கினார். "நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம்னு போட்டிருக்கான் தம்பி" என்று திரையைக் காட்டிவிட்டு, தாளின் அடியில் மிச்சம் 350 என்று எழுதி ஆணியில் குத்திவைத்தார்.