பேரேட்டை எழுதும் கை

பிட்காயின் பற்றி யாராவது கேட்டால், 'சுரங்கம்' என்ற சொல்லை நான் கூடியவரை தவிர்ப்பேன். அங்கே யாரும் எதையும் தோண்டுவதில்லை. நடப்பது கணக்கு எழுதும் வேலை. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பேரேட்டின் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை ஒருவருக்குக் கிடைக்கிறது. அதில் யாருடைய பரிவர்த்தனை ஏறும், யாருடையது வெளியே நிற்கும் என்பது எழுதுகிறவர் கையில். தணிக்கை என்ற பேச்சு தொடங்குவதே இங்கேதான்.

2008இல் சடோஷி நகமோட்டோ வெளியிட்ட கட்டுரையில், ஒரு சிபியுவுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் ஏற்பாடு. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் போதும், யாரும் கணக்குப்பிள்ளை ஆகலாம். அது நீடிக்கவில்லை. 2010இல் கிராஃபிக்ஸ் கார்டுகள் களத்தில் இறங்கின. 2013இல் இந்த ஒரே வேலைக்கென்று செய்த ஏசிக் சில்லுகள் வந்தன. தனியாளுக்குப் பரிசு விழுவது அரிதாகிக்கொண்டே போனது. நாலு பேர் சேர்ந்து லாட்டரி வாங்கிப் பரிசைப் பங்கு போடுவது மாதிரி, 2010 இறுதியிலேயே 'பூல்'கள் தோன்றிவிட்டன.

இதில் ஒன்று சத்தமில்லாமல் கைமாறியது. மெஷினும் கரண்ட் பில்லும் உறுப்பினருடையது. பக்கத்தில் எதை எழுதுவது என்ற முடிவோ பூல் நடத்துபவருடையது.

2014 ஜூனில் ஜிஹாஷ்.ஐஓ என்ற ஒரே பூலின் பங்கு பாதியைத் தாண்டியது. பதறிப்போன உறுப்பினர்கள் பலர் வெளியேறினார்கள். 40 சதவீதத்தைத் தாண்ட மாட்டோம் என்று அந்நிறுவனம் வாக்குக் கொடுத்தது. 2021 மே மாதம் அமெரிக்காவின் மாரத்தான் நிறுவனம், அரசின் தடைப்பட்டியலுக்கு இணங்க வடிகட்டிய பக்கங்களை எழுத ஆரம்பித்தது. எதிர்ப்பு கிளம்பவே அந்த மாத முடிவிலேயே கைவிட்டது.

மாரத்தானால் உண்மையில் யாரையாவது தடுத்திருக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தில் ஒன்பது பங்கு கணிப்புத் திறன் ஒரு பரிவர்த்தனையை ஒதுக்கினாலும், மிச்சமுள்ள ஒரு பங்கு சராசரியாக நூறு நிமிடத்தில் அதை எழுதிவிடும். அது தாமதம்தான், தடை இல்லை. ஆனால் பாதிக்கு மேல் திறன் உள்ளவர்கள் கூடி, 'அது இருக்கிற பக்கத்தையே கிழித்துப் போடுவோம்' என்று முடிவெடுத்தால் கதை வேறு. எதிர்ப்பவர் எழுதும் ஒவ்வொரு பக்கமும் செல்லாக்காசாகும். அதனால்தான் சிறிய பூலின் வடிகட்டலைவிடப் பெரிய பூல்களின் எண்ணிக்கை குறைவதைக் கண்டு எனக்குக் கவலை அதிகம்.

எதை எழுதுவது என்பதை உறுப்பினரே தேர்ந்தெடுக்க வழிசெய்யும் ஸ்ட்ராட்டம் வி2 போன்ற நெறிமுறைகள் இருக்கின்றன. ஆனால் அதைப் பயன்படுத்துவதால் உறுப்பினருக்குப் பெரிதாக வருமானம் கூடிவிடாது; ஆகவே அவசரமும் கிடையாது. 2014இல் காப்பாற்றியது மென்பொருள் இல்லை. ஆட்கள் வேறு பூலுக்குப் போனதுதான். போவதற்கு வேறு பூல் இருந்தது. எல்லாப் பூல்களும் ஒரே அரசின் சட்டத்துக்குள் வந்துவிட்டால், அந்த வழியும் அடைபடும்.