பயிற்சிக்குக் கடைசிப் பந்தி

அமெரிக்காவில் தீயணைப்புப் பயிற்சிக்கு முதலில் கைகொடுத்தவை மாநிலங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1925-இலேயே தீயணைப்புக் கல்லூரி வகுப்புகள் நடந்தன. மேரிலாந்துப் பல்கலைக்கழகம் 1930-இல் தொடங்கியது. பின்னாளில் இல்லினாய் நல்லதொரு வழி கண்டது. தீக்காப்பீட்டு நிறுவனங்கள் வசூலிக்கும் பிரீமியத்தில் ஒரு சிறு பங்கு தனி நிதியில் சேர, அதிலிருந்து பயிற்சிக்கும் பணம் போனது.

மத்திய அரசு விழித்துக்கொண்டது 1973-இல். தேசியத் தீத்தடுப்பு ஆணையம் 'அமெரிக்கா பர்னிங்' என்ற அறிக்கையை வெளியிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பேர் தீக்கு இரையாவதாக அது கணக்கிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தால் தேசியத் தீயணைப்புக் கழகம் பிறந்தது. மேரிலாந்தின் எம்மிட்ஸ்பர்க் ஊரில் மூடிக்கிடந்த செயின்ட் ஜோசப் கல்லூரி வளாகத்தை 1979-இல் அரசு விலைக்கு வாங்கி, அங்கே அதைக் குடியமர்த்தியது.

ஆனால் அந்நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பகலில் பண்ணையிலோ பட்டறையிலோ வேலை பார்ப்பவர், இரண்டு வாரம் விடுப்பெடுத்து எம்மிட்ஸ்பர்க் போவது எப்படி? வகுப்புதான் சனி, ஞாயிறுகளில் அவர் ஊருக்கு வர வேண்டும். மாநிலப் பயிற்சிகளுக்கு மானியம் தர 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் இடம் வைத்திருந்தது. கூடவே ஒரு வரம்பும் இருந்தது: ஒதுக்க அனுமதித்த தொகையில் 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு 7.5 விழுக்காடாக உயர 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பயிற்சிக்கு அப்படி என்ன செலவு? கொலராடோவின் போல்டர் நகரில் 1982-இல் பயிற்சிக்காக மூட்டிய தீயிலேயே இரு வீரர்கள் மாண்டனர். அதன் பிறகு 1986-இல் வந்ததுதான் என்எஃப்பிஏ 1403 என்னும் தரவிதி. அதன்படி பயிற்சிக் கட்டடத்துக்குள் மரச்சட்டங்கள், வைக்கோல் போன்றவற்றைத்தான் எரிக்கலாம். ரப்பர், பிளாஸ்டிக் கூடாது. தீ மூட்டும் முன்பே பயிற்சி பெறுவோர் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து வழிகளை அறிந்துகொள்ள வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு பயிற்றுநர், பாதுகாப்பைக் கவனிக்கத் தனியே ஓர் அலுவலர், கைவசம் மாற்று நீர்வழி. புகைக்குள் தவழ்ந்துபோகும் ஐவரின் உயிரைக் காப்பது அந்த ஒரு பயிற்றுநரின் கண்தான். அவருக்குச் சம்பளம் தர வேண்டுமே!

2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், உள்ளூர்த் தீயணைப்புத் துறைகளுக்கு நேரடி மானியம் தந்தது. முதல் ஆண்டு ஒதுக்கீடு 10 கோடி டாலர். கேட்டு வந்த தொகையோ ஏறத்தாழ 300 கோடி. வண்டி, சுவாசக் கருவி, பாதுகாப்பு உடை என்று பட்டியல் நீண்டது. அவை தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தத் திட்டத்தில் பயிற்சிக்கும் இடமுண்டு. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது அந்தந்த ஊர்த் துறைதான். பல ஊர்களுக்கும் சேர்த்துக் கற்றுத்தரும் மாநிலப் பயிற்சிக் கழகத்துக்கு அந்தப் பந்தியில் இலை போடவில்லை.

2013 ஜனவரியில் சட்டமான திருத்தம்தான் அக்கழகங்களை உள்ளே அழைத்தது. அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய பங்கு, அதிகபட்சம் 3 விழுக்காடு.