ஏலமலைத் தொழிலாளரின் தூக்குச்சட்டி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், மலைக்கு மேலே உடும்பன்சோலை வட்டாரத்தில் விளையும் ஏலக்காய்க்குச் சந்தையாகவும், அத்தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் ஊராகவும் வளர்ந்தது. களையெடுப்பும் காயெடுப்பும் கைவேலையாகவே நடப்பதால், முன்பு மலைப்பாதையில் நடந்தும், சாலை வந்தபின் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்தும், விடியலிலேயே போடிமெட்டு ஏறிய தொழிலாளர் கையில் தூக்குச்சட்டி இருந்தது. ஏலக்காயின் வரலாறு குத்தகையாலும் விலையாலும் மட்டும் ஆனதன்று. அச்சட்டிக்குள் இருந்த உணவும் அவ்வரலாற்றில் அடங்கும்.

மானாவாரி நிலத்தின் கம்பும் சோளமும் கேழ்வரகும் அடிவாரத்தின் பழைய உணவு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, அருகிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களுக்கு நீர் உறுதிப்பட்டபின் அரிசிச் சோறு பரவலாயிற்று. எனினும் இரவில் நீரூற்றிக் காலையில் உண்ணும் வழக்கம் தானியம் மாறியும் மாறவில்லை. கூழுக்குக் கரைத்த மாவைப் புளிக்கவிட்டுக் காய்ச்சும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. ஆறிய கூழை மீண்டும் நீரில் வைத்து மோர் சேர்க்கும்போதுதான் உயிருள்ளவை திரும்பச் சேர்கின்றன. பழைய சோற்றிலோ காய்ச்சல் முன்பே முடிந்துவிடுவதால், இரவில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், அதாவது மாவுச்சத்தையும் சர்க்கரையையும் புளிப்பாக மாற்றும் நுண்ணுயிர்கள், நீச்சத்தண்ணியோடு உயிருடனேயே வயிற்றுக்குப் போகின்றன. புளிப்பின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால், அடிவாரத்தில் ஓர் இரவில் ஏறும் புளிப்பு, மேட்டின் குளிரில் மெல்லத்தான் ஏறும்.

மேலை அறிவியல் இதே பொருளை வேறு வழியில் வந்தடைந்தது. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய எலி மெச்னிகாப், பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளைப் புளித்த பாலோடு தொடர்புபடுத்தினார். நோயெதிர்ப்பு ஆய்வுக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக் என்று உலக உணவு, சுகாதார அமைப்புகளின் வல்லுநர் குழு 2001இல் வரையறுத்தது.

இந்த நுண்ணுயிர்கள் மலச்சிக்கலைத் தளர்த்துமா என்பதற்கு 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு பயனுள்ள விடை தருகிறது. 14 மருத்துவச் சோதனைகளை ஒருசேர நோக்கிய அவ்வாய்வு, உணவு குடலைக் கடக்கும் நேரத்தில் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் குறைவதையும், வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு முறை கூடுதலாக மலம் கழிவதையும் கண்டது. பிபிடோபாக்டீரியம் லாக்டிஸ் என்ற இனத்தில் புலப்பட்ட பயன் எல்லா இனங்களிலும் புலப்படவில்லை. நோயெதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடற்சுவரை ஒட்டியே இருப்பதால், அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அவற்றின் செயலைப் பாதிப்பது இயல்பே. ஆயினும் எல்லா நோய்க்கும் அரண் என்று அதை விரித்துரைப்பது பிழை.

தூக்குச்சட்டிக்குப் புரோபயாடிக் என்ற பெயரை முழுமையாகத் தர இயலாது. அதில் எந்த இனம், எத்தனை என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறுவது. தோட்டத் தொழிலாளியின் வயிற்றை இலகுவாக்கியதில் கூழின் நார்ச்சத்துக்கும், நீச்சத்தண்ணியாகச் சென்ற நீருக்கும், ஆறிய சோற்றில் செரிமானத்துக்கு எளிதில் இடங்கொடாது பெருங்குடல்வரை செல்லும் மாவுச்சத்துக்கும் பங்குண்டு என்பதால், புகழை நுண்ணுயிருக்கு மட்டும் எழுதுவது நேர்மையாகாது. இவை ஒன்றுசேர்ந்த உணவாக இருந்ததே அதன் சிறப்பு, மாத்திரையில் அடைத்த ஒற்றை இனத்துக்கு அது வாய்ப்பதில்லை.

குடல் அழற்சி நோயில் பழைய சோற்றின் பயனை ஆராயும் பணி சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கப்பட்டுள்ளது. அதே கவனம் போடி அடிவாரத்தின் கம்பங்கூழுக்கும் கேப்பைக்கூழுக்கும் கிடைக்க வேண்டும். பானையைத் தூய்மையாக வைத்து ஒவ்வொரு தானியத்தையும் எத்தனை நாழிகை புளிக்கவிட வேண்டும் என்பதை அறிந்த மூத்த பெண்கள் இருக்கும்போதே அந்தப் பக்குவம் எழுத்தில் ஏற வேண்டும்.