நாற்பத்து மூன்று பல், எட்டுப் பல்

போடிமெட்டு மலையில் ஓடிய பழைய பெட்ரோல் ஜீப்பின் பின் அச்சு ஹவுசிங்கைத் திறந்து, ஆயிலை வடித்துவிட்டு, கிரவுன் வீலின் ஓரத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: 43, 8. கிரவுனில் 43 பல், அதை ஓட்டும் பினியனில் 8 பல். வகுத்தால் 5.38. எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். போடியில் பட்டறை வேலையிலேயே வயதானவன் நான். ஒரு வண்டி எதற்காகப் பிறந்தது என்பதை இந்த இரண்டு எண்களைப்போல் வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவின் டொலிடோ நகரில் வில்லிஸ்-ஓவர்லேண்ட் கம்பெனி கட்டிய எம்.பி. ஜீப்பில் இருந்தது வேறு கணக்கு. 39-க்கு 8, அதாவது 4.88. எஞ்சின் 60 குதிரைத்திறன். படையோடு சேர்ந்து சாலையிலும் விரைய வேண்டும், சேற்றிலும் இறங்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக வைத்த எண் அது. 1945-ல் போர் முடிகிற சமயத்தில் அதே கம்பெனி விவசாயிகளை நம்பி சி.ஜே.-2ஏ என்ற ஜீப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னால் ஏர் பூட்டி, ஆள் நடக்கிற வேகத்தில் நாள் முழுக்க உழ வேண்டிய வண்டி. எஞ்சின் ஏறக்குறைய அதேதான், மாறியது பற்சக்கரங்கள். அச்சில் 4.88 போய் 5.38 வந்தது. முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 1.97-லிருந்து 2.43 ஆனது. கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதமும் கொஞ்சம் கூடியது. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால், போர் ஜீப்பில் சுமார் 25 ஆக இருந்த இழுவைப் பெருக்கம் உழவு ஜீப்பில் 36-ஐத் தாண்டுகிறது. ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் இழுவையை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கிய வேலை இது. அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு இன்றும் தீராத மரியாதை.

பட்டறைக்கு வரும் பையன்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “அண்ணே, அதென்ன 5.38? அஞ்சுன்னு முழுசா வச்சா என்ன?” 40-க்கு 8 என்று வெட்டினால் கணக்கு முழுசாக வரும், ஆனால் பினியனின் ஒரு பல் எப்போதும் கிரவுனின் அதே ஐந்து பற்களையே தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சின்னப் பழுது இருந்தாலும் அந்த ஐந்து மட்டும் தேய்ந்துபோகும். 43-க்கும் 8-க்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இல்லை. அதனால் ஒவ்வொரு பல்லும் முறைவைத்து எதிர்ப் பக்கத்துப் பற்கள் அத்தனையையும் சந்தித்துவிடும், தேய்மானம் பரவலாகும். 39-க்கு 8, 47-க்கு 11, 41-க்கு 11 எல்லாம் இப்படிப் பார்த்து வைத்தவைதான். இன்னொன்று: கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பதமாக்கிய ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஊளையிடும்.

மஹிந்திரா கம்பெனி 1947-லேயே வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவுக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. பிறகு உயர்ந்த பானெட் கொண்ட சி.ஜே.-3பி-யைப் பல ஆண்டுகள் இங்கேயே கட்டியது. அமெரிக்க விவசாயியின் உழவுக்குப் போட்ட 43-க்கு 8 அதனோடு வந்து, எங்கள் ஏலத் தோட்டங்களுக்குக் கனகச்சிதமாகப் பொருந்தியது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. தார் ரோடு முடிந்தபிறகுதான் உண்மையான ரோடு. எஸ்டேட்டுக்குள் சரளையும் சேறும். விடிவதற்கு முன் தோட்டவேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பே சாயங்காலம் ஏலக்காய் மூட்டையோடு இறங்கும்.

ஏறுவதற்குத்தான் இழுவை வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். மலைக்காரனைக் கேட்டால் இறங்குவதற்குத்தான் என்பான். அந்த ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் சின்ன டிரம் பிரேக். பாரத்தோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனர் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இரண்டாவது கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டால் 5.38 வண்டியைப் பிடித்து நிறுத்தியபடி இறக்கும். எத்தனையோ குடும்பங்களின் உயிர் அந்த எட்டுப் பல்லில் தொங்கியிருக்கிறது.

இதற்கு விலை வேகம். 6.00-16 டயரில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2400 சுற்று; 80-க்குப் போனால் 3200. மதுரை ரோட்டில் வண்டி கத்துகிறது என்று ஓனர்கள் வந்து நிற்பார்கள். 1979-ல் பெஜோ கம்பெனியின் உரிமம் பெற்று மஹிந்திரா டீசல் எஞ்சினுக்குப் போனபிறகு கதை மாறியது. டீசலுக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை உண்டு, அச்சில் 4.88-ம் 4.27-ம் தாராளமாகப் போதும். 4.27 போட்டால் அதே 80 கிலோமீட்டரில் எஞ்சின் 2550 சுற்றோடு நிம்மதியாக ஓடும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் ஏற்றிய வண்டிகளிலிருந்து 43-க்கு 8 ஜோடிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது பழைய ஜீப்பை வாங்கிச் சீர்செய்கிற இளைஞர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான். வாங்கும் முன் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஷாப்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றி, ஷாப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். எதிர்ச் சக்கரம் நிற்பதால் ஒரு சுற்று பாதியாகவே கணக்காகும், அதனால்தான் இரண்டு. ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைந்தால் 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88, நாலேகால் என்றால் 4.27. முன் அச்சையும் இதேபோல் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத வண்டியை நான்கு சக்கர இழுவையில் போட்டால் ஷாப்ட்டோ பல்லோ உடையும். டீசல் எஞ்சின், பெரும்பாலும் சமவெளி ஓட்டம் என்றால் 4.27 போட்டுக்கொள்ளுங்கள். பழைய பெட்ரோல் எஞ்சினோடு மலையில் ஓட்டுவதாக இருந்தால் 43-க்கு 8-ஐக் கழற்றாதீர்கள்.