திருமலைப் பந்தி பிறந்த கதை

பெருநகரத்தில் வெளியே சாப்பிடுவது என்றால், யார் எங்கே உட்காரலாம் என்பதைப் பணப்பை முடிவு செய்துவிடுகிறது. ஒரே அடுப்பில் வெந்த இட்லிக்கு ஏசி ஹாலில் ஒரு விலை, வெளி ஹாலில் ஒரு விலை. அதற்கும் வழியில்லாதவருக்குத் தெருமுனைக் கையேந்தி பவன். சென்னையில் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எந்தக் கடையில் சாம்பார் நன்றாக இருக்கிறது என்பதில்தான் பேச்சு போய் நிற்கும். பக்கத்து மேசையில் யார் உட்கார முடிந்தது, யாரால் முடியவில்லை என்று பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்வி முக்கியம். அதனால்தான் சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கூடத்தின் கதையைச் சொல்ல வருகிறேன்.

திருமலையில் உள்ள தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கட்டடத்தில் நான்கு கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் உட்காரலாம். கதவு திறந்ததும் வந்த வரிசைப்படி உள்ளே போய், காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டியதுதான். இலை விழும். சர்க்கரைப் பொங்கல், காய், சோறு, சாம்பார், ரசம், மோர் என்று வந்துகொண்டே இருக்கும். காசு கிடையாது, சீட்டு கிடையாது. அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். இது காலங்காலமாக நடந்துவரும் வழக்கம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தப் பந்திக்கு வயது நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை.

அதற்கு முன் மலையில் சாப்பாடு இல்லாமல் இல்லை. ஏராளமாக இருந்தது. ஆனால் அது பங்குக் கணக்கில் இருந்தது. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருப்பவை. அவற்றை வாசித்தால் அந்தக் காலத்து மடைப்பள்ளி எப்படி இயங்கியது என்று தெளிவாகத் தெரிகிறது. ஒருவர் கோயிலுக்குப் பொன்னோ ஊரோ கொடுப்பார். அந்தப் பணத்தைக் கொண்டு கோயில் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டுவார்கள். அதில் கூடுதலாக விளைந்ததை வைத்து, கொடுத்தவர் பெயரில் பெருமாளுக்கு அமுது படைப்பார்கள். படைத்த அமுதில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்குத் திரும்பி வரும். இதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். மீதி, கோயிலில் பணி செய்கிறவர்களுக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் போகும். அப்பம், வடை, சுகியன், அதிரசம் எல்லாம் 15ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கணக்கில் ஏறிவிட்டன.

தன் பங்கைத் தானே உண்ணவேண்டும் என்பதில்லை, பிறருக்கு எழுதிவைக்கலாம். திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே இருக்கும் சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் இந்த வழியைத்தான் பிடித்தார். திருமலையிலும் திருப்பதியிலும் இராமானுச கூடங்கள் என்ற சத்திரங்களை நிறுவி, கந்தாடை இராமானுச ஐயங்கார் பொறுப்பில் விட்டு, தம் பங்கு அமுது அங்கே வரும் ஸ்ரீவைணவர்களுக்குப் போகும்படி செய்தார். வெளியூரிலிருந்து மலையேறி வந்தவனுக்கு வெந்த சோறு கிடைக்க அமைப்பாகச் செய்யப்பட்ட பெரிய ஏற்பாடு அது. பெரிய மனசுதான். ஆனாலும் வந்தவன் யார் என்று பார்த்தபிறகே இலை போட்ட ஏற்பாடு.

யார் என்று பார்த்து இலை போடும் அந்தச் சுவரில் உரசிப் பார்த்தவர் ஒரு பெண். பழைய சித்தூர் மாவட்டத்தின் தரிகொண்ட கிராமத்தில் 1730-ல் பிறந்த வெங்கமாம்பா. சிறுவயதிலேயே கணவரை இழந்தவர். கைம்பெண் என்பதற்காகத் தலையை மழிக்க மறுத்தார், நகையைக் கழற்ற மறுத்தார். ஊர் அவரைப் பொறுக்கவில்லை. திருமலைக்கு வந்து தங்கி, தெலுங்கில் பாடல்களும் நூல்களும் எழுதினார். மலையேறி வருகிறவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தவர் என்றே இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள். 1817-ல் மறைந்தார். நல்ல காரியம் எதிலும் சேர்த்துக்கொள்ளப்படாத நிலையில் வைக்கப்பட்ட ஒருத்தியின் பெயரை, லட்சக்கணக்கானோர் சாப்பிடும் கட்டடத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பலகையை நின்று படிக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது என் ஆசை.

1843-லிருந்து 1933 வரை கோயில் ஹாதிராம்ஜி மடத்தின் தலைவர்களான மகந்துகளின் கையில் இருந்தது. பிறகு திருமலை திருப்பதி தேவஸ்தானம் வந்தது. 1944-ல் முதல் மலைப்பாதை போட்டதும் பேருந்து ஏறியது, கூட்டமும் கூடவே ஏறியது. மலையில் ஓட்டல்கள் முளைத்தன. உள்ளே மடைப்பள்ளியில் மட்டும் பரம்பரை மிராசு முறை தொடர்ந்தது. தயாராகும் பிரசாதத்தில் மிராசுதாரர்களுக்கு உரிமைப் பங்கு இருந்தது.

இங்கேதான் என்.டி. ராமராவ் கதைக்குள் வருகிறார். சென்னைக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். திருப்பதி தரிசனம் முடிந்த தெலுங்குப் பயணிகளைப் பேருந்து பேருந்தாகக் கொண்டுவந்து தியாகராய நகரில் அவர் வீட்டு வாசலில் இறக்குவார்கள். திரையில் பார்த்த கிருஷ்ணரையும் ராமரையும் நேரில் பார்க்க அவர்களுக்கு அவ்வளவு ஆவல். அந்தக் களைத்த முகங்களை ஆண்டுக்கணக்காகக் காலையில் எழுந்ததும் பார்த்த மனிதர் 1983-ல் ஆந்திர முதலமைச்சர் ஆனார். கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். இந்தப் பக்கம் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982-லேயே தொடங்கியிருந்தார். பசியைப் பற்றி அரசாங்கம் வெட்கப்படாமல் பேசிய காலம் அது. 1985 ஏப்ரல் 6 அன்று திருமலையில் நித்ய அன்னதானத் திட்டத்தை என்.டி.ஆர். தொடங்கிவைத்தார். அன்றைய அளவு நாளுக்கு 2,000 பேர்.

இரண்டு ஆண்டு கழித்து, 1987-ல், அதே அரசு பரம்பரை உரிமைகளை ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வழக்கு நீண்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பக்கம் உணவில் பிறப்பால் வந்த பங்கு போனது. இன்னொரு பக்கம் பிறப்பைக் கேட்காத பந்தி வந்தது.

பந்தி பெருத்த கதை வேகமாக நடந்தது. 2002-ல் 106 சூரியத் தட்டுகளை மாடியில் பொருத்தி, நாளுக்கு 4,000 கிலோ நீராவி எடுத்துச் சமைத்தார்கள். அப்போது உலகிலேயே இவ்வகையில் மிகப் பெரிய ஏற்பாடு அதுதான். இப்போதைய கட்டடத்தைக் குடியரசுத் தலைவர் பிரதீபா பாட்டில் 2011 ஜூலையில் திறந்துவைத்தார். காய்கறியைக் காணிக்கையாக அனுப்புகிறவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர். 2025 மார்ச்சில் வெங்காயம், பூண்டு இல்லாத மசால் வடையும் இலையில் சேர்ந்தது.

பணம் வரும் வழியைக் கவனியுங்கள். நன்கொடையை வங்கியில் போட்டு, வட்டியில் சோறு போடுகிறார்கள். ஒரு நாள் முழுவதற்குமான செலவை ஏற்க 44 லட்ச ரூபாய் என்று 2025-ல் கணக்கு. கொடுத்தவர் பெயர் அன்று கூடத்தில் திரையில் ஓடும். முதலைக் கரைக்காமல் விளைச்சலில் அமுது படைத்த ஏரிக் கணக்கும் இதுவும் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம், கொடுத்தவருக்கு நாலில் ஒரு பங்கு திரும்பிப் போவதில்லை. பெயர் மட்டும் அவருக்கு, சோறு முழுக்க வந்தவர்களுக்கு. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு நடந்த இந்த மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காரணம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது நம் நாட்டில் லேசில் வந்த உரிமை அல்ல. சென்னை ஓட்டல்களில் சாதி பார்த்துத் தனி இடம் ஒதுக்கியிருந்த காலம் ஒன்று உண்டு. பொது உணவகங்களிலும் ஓட்டல்களிலும் சாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. எழுதிய பிறகும், ‘பிராமணாள்’ என்ற சொல்லை ஓட்டல் பலகையிலிருந்து எடுக்க 1957-ல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன் போராட்டம் தொடங்க வேண்டியிருந்தது. சாதிப் பலகை இறங்கிய இடத்தில் இன்று விலைப்பட்டியல் நிற்கிறது. அது முன்னேற்றம்தான், ஆனால் பாதி வழி முன்னேற்றம்.

திருமலையிலும் எல்லாம் சமமாகிவிடவில்லை. தரிசனத்துக்கு இலவச வரிசை, 300 ரூபாய் வரிசை, முக்கியப் பிரமுகர்களுக்கான வரிசை என்று தட்டுகள் உண்டு. தனியார் ஓட்டல்களை எல்லாம் மலையிலிருந்து எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே அன்னப்பிரசாதம் என்று 2022 பிப்ரவரியில் தேவஸ்தான அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ஓட்டல்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மூடத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நோயாளிக்கும் குழந்தைக்கும் வேளை தப்பி வருகிறவருக்கும் கடை வேண்டும். கீழே இறங்கினால் ராகி சங்கடியும் நாட்டுக்கோழிக் குழம்பும் காத்திருக்கின்றன, அதுவும் இந்த மண்ணின் சாப்பாடுதான். ஆனால் சாமி முன்னால் கூட இருக்கும் தட்டு, இந்த நான்கு கூடங்களின் இலை முன்னால் இல்லை. என் கணக்கில் திருமலையின் மிகப் பெரிய சாதனை அது.

கோயில் பந்தி திருமலையில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-ல் வந்தது. ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் 2012-லிருந்து நாள் முழுவதும் போடுகிறார்கள்.

அடுத்த முறை மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லட்டை வாங்கிக்கொண்டு நேரே பேருந்துக்கு ஓடாதீர்கள். அந்தக் கூடத்தில் ஒரு வேளை உட்காருங்கள். வேண்டிய அளவு மட்டும் கேட்டு வாங்குங்கள், இலையில் மிச்சம் வைக்காதீர்கள். ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால் ஸ்ரீவாரி சேவை என்ற தன்னார்வத் தொண்டுக்குப் பெயர் கொடுத்து, வாளியைப் பிடித்து நீங்களே பரிமாறிவிட்டு வாருங்கள்.