பெரியாரா, அலிகாரா? ஏற்காட்டுப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்



சேர்வராயன் மலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மேற்படிப்புக்கு மலையிறங்க வேண்டியிருக்கிறது. அருகில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம். தொலைவில், உத்தரப்பிரதேசத்தில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம். "பெரியார்" என்றதும் தயக்கம், "முஸ்லிம்" என்றதும் நிம்மதி. இப்படிப் பெயரை வைத்தே முடிவெடுக்கும் பெற்றோர் நம்மில் உண்டு. பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சேலம்

பெரியார் பல்கலைக்கழகம் 1997 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்டது. தமிழக அரசின் பல்கலைக்கழகம். இங்கு யாருடைய கொள்கையையும் யாரும் கேட்பதில்லை. பெரியார் கடவுள் மறுப்பாளர்தான். மீலாது மேடைகளில் பேசியவரும் அவரே.

ஒன்றைக் கவனியுங்கள்: வளாகத்தில் நடப்பவை பெரும்பாலும் முதுகலை, ஆய்வுப் படிப்புகள். இளங்கலை, அதன்கீழ் வரும் கல்லூரிகளில்தான். ஆகவே பட்டப்படிப்புக்கு நீங்கள் தேர்வு செய்வது பல்கலைக்கழகத்தை அல்ல, கல்லூரியை. ஏற்காடு சாலையில் கோரிமேட்டிலேயே அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

வகுப்பு முடிந்தால் பிள்ளை வீடு திரும்பலாம். தொழுகையும் ஒழுக்கமும் வீட்டின் பொறுப்பிலேயே இருக்கும். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்குவது உடலுக்குச் சிரமம். வெள்ளிக்கிழமை வகுப்பு நேரம் ஜும்ஆவுக்கு இடம் தருகிறதா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

அலிகார்

சர் சையத் அகமது கான் 1875-இல் தொடங்கிய கல்விக்கூடம் 1920-இல் பல்கலைக்கழகமானது. இது மத்தியப் பல்கலைக்கழகம். மாற்று மதத்தவரும் படிக்கிறார்கள். இங்கு விடுதிதான் வாழ்க்கை. மூத்த மாணவருக்கு மரியாதை, விழாக்களில் கறுப்பு ஷேர்வானி, வளாகத்திலேயே ஜாமிஆ பள்ளிவாசல். மாணவிகளுக்கென 1906-இல் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த மகளிர் கல்லூரியும் விடுதிகளும் உண்டு.

பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் விடுதிப் பேச்சு உருது, இந்தி. கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜனவரிப் பனி ஏற்காட்டுக் குளிரைவிடக் கடுமை. அவசரத்துக்கு ஓடிப் பார்க்க முடியாத தூரம். நுழைவுத்தேர்வு முறையை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபாருங்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது?

மாலை ஐந்து மணிக்குப் பிறகு பிள்ளை யாருடன் இருக்கும்? இதுவே முதல் கேள்வி. சேலத்தில் அதற்குப் பதில் வீடு, அலிகாரில் அறைத்தோழர்கள். யாரும் எழுப்பாமலே ஃபஜ்ருக்கு எழும் பிள்ளைக்கு அலிகார் உலகத்தை விரித்துக் காட்டும். எழுப்பினாலும் எழாத பிள்ளையை வளாகத்துப் பள்ளிவாசல் மட்டும் திருத்திவிடாது.

அடுத்து, விரும்பும் பாடம் எங்கே நன்றாக இருக்கிறது? மூன்றாவது, பிள்ளை என்ன சொல்கிறது? மஷூரா என்பது பெரியவர்கள் கூடிப் பேசிவிட்டு முடிவை அறிவிப்பதல்ல. படிக்கப்போகிறவரையும் அதில் உட்கார வைக்க வேண்டும். பிறகு இஸ்திகாரா செய்யுங்கள்.

பெயர் பிடிக்கவில்லை என்று சேலத்தையும், தூரம் என்று அலிகாரையும் மறுத்துவிட்டு மகளை வீட்டிலேயே இருத்திவிடும் குடும்பங்களும் உண்டு. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அந்த இழப்பு நேராது. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக.